எண்ணெய் உறையாத டேங்க்

நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். என் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

முதலாளியின் வேன் டீசலுக்குப் பதில் பொரித்து மீந்த சமையல் எண்ணெயில் ஓடுகிறது. இந்த ஊர்க் குளிரில் எண்ணெய் உறைந்துவிடுவதால் புது டேங்க் செய்தேன். எஞ்சினின் சுடுதண்ணீர் உள்ளே செப்புக் குழாயில் சுற்றிவந்து எண்ணெயை இளக்கும். குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்த ஒட்டை டேங்குக்குள்ளேயே வைத்துத் தொலைத்தேன். அது கசிந்து, தண்ணீர் எண்ணெயில் கலந்து, வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது.

"டேங்க் கேட்டா சூப்பு வச்சிருக்கியேப்பா!" என்று முதலாளி சிரித்தார்.

டேங்கைத் திறந்தபோது சூடான எண்ணெய் கையில் கொஞ்சம் தெறித்தது. இடக்கைதான், கவலைப்படாதே. இப்போது ஒட்டில்லாத ஒரே குழாய் போட்டிருக்கிறேன். வேன் போனால் தெருவெல்லாம் நம் அடுப்படி வாசம்.

முதலாளி ஹாரன் அடிக்கிறார். எண்ணெய் வடிகட்ட நீ கட்டிய பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன்.

பாப்பாவின் அப்பா