புளி போட்டு மினுக்கின சதம்

ஹொல்ஸ்டெப்ரோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் துவாரகாவுக்கு அம்மா எழுதிறது. நானும் அப்பாவும் இங்கை மூச்சும் பேச்சுமா இருக்கிறம், நீயும் மெல்பேர்ணிலை நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமா இருக்கவேணும். முதலிலை ஒண்டை ஒத்துக்கொள்ளுறன். போன கிழமை முழுக்க நீ கோல் எடுக்க எடுக்க, போன் கமெரா பழுது எண்டு சொன்னது பச்சைப் பொய். என்ரை மூஞ்சையைப் பாத்தால் நீ கேட்டிருப்பாய், கேட்டால் நான் சொல்லியிருப்பன், நீ டெனிஸ் பாசையிலை கத்தியிருப்பாய். அதுதான் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை நீ படிச்ச கெட்டித்தனத்துக்கு இதை எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை எனக்கு வெக்கம் போயிடும். எட்டாம் வகுப்போடை நிண்ட நானே எழுதிறன், வாசிக்க உனக்கென்ன.

விசயம் ஹென்னிங்கின்ரை சதக் காசு. அப்பாவோடை இறைச்சிப் பக்ரறியிலை வேலை செய்த ஹென்னிங், நீ சின்னனிலை மீசை மாமா எண்டு கூப்பிடுற மனிசன், பழைய அமெரிக்கன் சதம் சேர்க்கிறவர் எண்டு தெரியும்தானே. தோள் பழுதாகி, கொமூன் கந்தோர் அப்பாவைப் பென்சனிலை இருத்தின பிறகு அவரைத் தேடி இந்த வீட்டுக்கு வாற ஒரே ஆள் ஹென்னிங்தான், சனிக்கிழமை எண்டால் ஸ்கீவயிலை இருந்து பஸ் ஏறி வந்திடுவார். அவராலை அப்பாவுக்கும் அந்த விசர் தொத்தி, ரெண்டு பேரும் பூதக்கண்ணாடியோடை தலையும் தலையும் முட்டக் குனிஞ்சிருக்கிறதைப் பாத்தால் பேன் பாக்கினம் எண்டுதான் நினைப்பாய். அந்தக் காலத்திலை அமெரிக்காவிலை காசு அடிக்கிற அச்சைக் கையாலை வெட்டினதாம், ஒண்டு வெடிக்க இன்னொண்டு வெட்ட, ஒண்டு மாதிரி மற்றது வராதாம், அதாலை ஒரே வருசச் சதத்திலையே இருபதுக்கு மேலை விதம். காசிலை சுத்திவர ஒரு இலை மாலை இருக்கு, ஒண்டிலை இலை நுனி எழுத்துக்கு நேர கீழை நிக்கும், மற்றதிலை கொஞ்சம் தள்ளி நிக்கும், வெடிச்ச அச்செண்டால் காசிலை மயிர் மாதிரி ஒரு கோடு எழும்பி நிக்கும். எந்த அச்சாலை அடிச்சது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் இவையின்ரை சந்தோசம். எனக்கெண்டால் அரிசியிலை கல்லுப் பொறுக்கிறதும் ஒண்டு, இதுவும் ஒண்டு.

ஹென்னிங்கின்ரை தேப்பன் கப்பலிலை போய்வரேக்கை கொண்டுவந்த சதம் ஒண்டு இருக்கு, 1797ஆம் ஆண்டு அடிச்சது. ஒருத்தர் கையிலும் குடுக்காதவர், எந்த விதம் எண்டு ஆறுதலாப் பார் எண்டு அப்பாட்டைக் குடுத்திட்டுப் போனார். ஒரு பக்கம் பச்சையாப் பாசி பிடிச்சு இலையள் தெரியேல்லை. அப்பா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் ஒவ்வொரு விதத்துக்கும் நம்பர் போட்டிருக்கிற புத்தகத்திலை ரெண்டு நம்பருக்கு நடுவிலை நிண்டு முழிச்சார், ஒண்டு தாராளமாக் கிடைக்கிறது, மற்றது உலகத்திலையே கொஞ்சம்தான் இருக்காம். போன கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை நான் வெள்ளிக்கிழமைக்கு விளக்கு மினுக்கப் புளி கரைச்சு, குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் பேசினுக்குள்ளை போட்டிட்டு நிக்கிறன், அப்பா குளிக்கப் போயிட்டார், மேசையிலை சோசருக்குள்ளை அந்தக் கறுவல் சதம் கிடக்குது. மனிசன்ரை கண்ணுக்கு ஒரு உதவி செய்வம் எண்டு அதையும் எடுத்து, உப்பும் புளியும் வைச்சு நல்ல ஒரு தேய்ப்புத் தேய்ச்சன். பிள்ளை, பிறந்த குழந்தையின்ரை உள்ளங்கால் மாதிரிச் சிவந்து வந்துது. துடைச்சுக் கொண்டுபோய், கண்ணை மூடுங்கோ எண்டு சொல்லி அப்பாவின்ரை கையிலை வைச்சன்.

அப்பா சத்தம் போடேல்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பன். பாத்தார், கதிரையிலை இருந்தார், தவம் எண்டு என்னைக் கூப்பிட்டு, இது என்ரை சாமான் இல்லை எண்டார். அவ்வளவுதான். பழைய செம்புக்காசுக்கு அந்தக் கறுப்புத்தான் தோலாம், உரிச்சால் பிறகு ஒருத்தரும் மதியாயினமாம். அழுக்குப் போன இடத்திலை இப்ப இலையும் கோடும் துப்பரவாத் தெரிஞ்சுது. அப்பா பாத்தார், புத்தகத்தைப் பாத்தார், திரும்பவும் பாத்தார். அந்தக் கிடைக்காத விதம்தான். நான் தேய்ச்சபடியாலைதான் கண்டுபிடிபட்டது, நான் தேய்ச்சபடியாலைதான் கெட்டதும். வெள்ளிக்கிழமை வீடு செத்த வீடு. அவிச்ச முட்டையோடை மூடி வைச்சால் செம்பு கறுக்கும் எண்டு யூரியூப்பிலை பாத்து ஒரு முட்டையை அவிச்சன். அப்பா வந்து அதை எடுத்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டிட்டுப் போனார். பிறகு கேட்டுப் பாத்தன், அப்ப அந்தத் தாராளமாக் கிடைக்கிற நம்பரைச் சொல்லுங்கோவன், ஒரு இலை நுனிதானே வித்தியாசம், சாதாரணச் சதம் கெட்டால் மனிசன் சிரிச்சிட்டு விடும், இது தெரிஞ்சால் இனி இந்த வாசல் மிதியாது எண்டு. மிதியாட்டில் விடட்டும், பொய் நம்பரைச் சொல்லிப்போட்டு நான் அந்த ஆளின்ரை முகத்தை என்னெண்டு பாக்கிறது எண்டார் அப்பா. எனக்குப் பகிடி விடவும் வாய் வரேல்லை. எனக்கே வரேல்லை எண்டால் யோசிச்சுப் பார்.

அந்தச் சனிக்கிழமை ஹென்னிங் சப்பாத்துக் கழட்ட முந்தியே அப்பா சதத்தை நீட்டி, நாங்கள் இதைக் கழுவிப்போட்டம் எண்டார். மனிசி எண்டு சொல்லேல்லை, நாங்கள் எண்டார். நான்தான் எண்டு முன்னுக்கு வந்து சொன்னன், புளியையும் காட்டினன். அப்பா நம்பரையும் சொன்னார். ஹென்னிங் யன்னலடிக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பாத்தார், மீசை ஆடேல்லை. பிறகு லேஞ்சித் துணியிலை சுத்திப் பொக்கற்றிலை வைச்சு, கோப்பி வேண்டாம் எண்டிட்டுப் போயிட்டார். அதுக்குப் பிறகு வந்த கிழமைதான் எங்கடை கமெரா பழுது. அப்பா போனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டே இருப்பார், அது அடிக்காது, சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைச்சிடுவார். நான் அவரோடை கதைக்கவே பயந்து, கழுவின கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினன்.

நேற்றுப் பஸ் நேரம் தாண்டிப் போச்சுது. அப்பா போய்ப் படுத்திட்டார். பிறகு மணி அடிக்குது, திறந்தால் ஹென்னிங், கையிலை ஒரு தகரப் பெட்டி, ஆள் முதல் பாத்தது சமையலறைக் கதவை. மற்றச் சதமெல்லாம் கறுத்துக் கிடக்க அந்தச் சதம் மட்டும் கட்டின பல்லு மாதிரி மினுங்குது எண்டார். கோவமோ பகிடியோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. அப்பா எழும்பி வந்து கதிரையிலை இருக்க, பெட்டியை அவரின்ரை மடியிலை வைச்சு, இதுகளின்ரை விதமும் பாத்துச் சொல்லு, புளி வேண்டாம் எண்டார். கோப்பியும் குடிச்சார். இரவு அப்பா ரெண்டாம் தரம் சோறு கேட்டார், பிள்ளை, நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிண்டு கண்ணைத் துடைச்சன்.

மற்றவையின்ரை சாமான் உன்ரை கையாலை கெட்டால் அவை பாக்க முந்திப் போய்ச் சொல்லு, அது மட்டும்தான் நான் சொல்லுற புத்தி. தெருவிலை நிண்ட சிவப்புத் தபால்பெட்டியளைக் கழட்டிப்போட்டாங்கள், இதைக் கடையிலை குடுத்துத்தான் அனுப்பவேணும், சுணங்கினால் கோவிக்காதை. உன்ரை டெனிஸ் பாஸ்போட் முடியுது, மறந்திடாதை. பிள்ளையார் உனக்கு முன்னாலையும் பின்னாலையும் நிக்கட்டும்.

உன்னை நினைச்சுக்கொண்டிருக்கிற
அம்மா தவமலர்

பிற்குறிப்பு: அப்பா இப்பதான் ஹென்னிங்கின்ரை பெட்டியை என்ரை கைக்கு எட்டாமல் காரிலை வைக்கப் போனார். டிக்கிக்குள்ளை வைச்சு, ஒருத்தரின்ரை கண்ணிலும் படாமல் தன்ரை ஜக்கெற்றைக் கழட்டி மேலை மூடி, டிக்கியை அடிச்சுச் சாத்தினார். டிக்கியைத் திறக்கிற திறப்பு அந்த ஜக்கெற்றுக்குள்ளை, டிக்கி பூட்டுப்பட்டிட்டுது. மழை பெய்யுது.