தேய்த்த ரூபாய்

வியாழக்கிழமை, கொடைக்கானல். மழை விட்டபாடில்லை.

பதினைந்து வருடமாக நாணயம் சேர்க்கிறேன். இன்று என் மனைவி ரோஸியிடம் தோற்றேன்.

நாணயங்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பவிருந்த பழைய வெள்ளி ரூபாயை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். பூம்பாறையில் ஒரு வீட்டில் வாங்கியது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, இதை யாரோ பவுடர் போட்டுத் தேச்சிருக்காங்க."

"உனக்கென்ன தெரியும்?" என்று சிடுசிடுத்தேன்.

"ஓட்டல்ல தெனமும் வெள்ளி ஸ்பூன் தேய்க்கிறவ நான். கைமாறி விழுந்த கீறல்னா கண்டபடி கெடக்கும். இது துணி போன பக்கமாவே ஓடுது பாருங்க."

லென்ஸை எடுத்தேன். நாணயத்தில் பொறித்திருந்த ராணியின் கன்னத்தில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். நூறு முறை பார்த்த கன்னம். பளபளப்பில் மயங்கி இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். தேய்த்த நாணயத்துக்கு மதிப்பு பாதிகூடத் தேறாது; அனுப்பியிருந்தால் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நண்பர்கள் முன் என் மானம் போயிருக்கும்.

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். சாப்பிடும்போது, "நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"அதுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க, ரசம் ஆறுது" என்றாள்.

என்ன கண் அவளுக்கு! பெட்டியில் இன்னும் நாற்பது நாணயம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் அவளையே பார்க்கச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.