வளையல் இல்லாத கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், அந்த அளவுக்கு நலம். உன் இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் நீ அவசரப்பட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது, முழுவதையும் எழுதுகிறேன், படித்துவிட்டுப் பிறகு திட்டு.

உன் தங்கைக்குப் பரீட்சையில் அந்தப் பழைய நாடகம் வந்தது, நீ கல்லூரியில் படித்துவிட்டு வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனாயே, அதேதான். பணிப்பெண் எதிரிக்குக் கோட்டைக் கதவை ஏன் திறந்தாள் என்று கேள்வி. பேராசையால் என்று எழுதினால் முழு மதிப்பெண். இவள் எழுதவில்லை. முதல் காட்சியில் ராணி அறைந்து தள்ளியதில் பணிப்பெண்ணின் வளையல்கள் உடைகின்றன, பிறகு அவள் வருகிற இடமெல்லாம் வெறுங்கை என்று வருகிறது, கடைசியில் அந்தக் கைதான் சத்தமே இல்லாமல் தாழைத் திறக்கிறது, காரணத்தை அங்கேதான் ஒளித்துவைத்திருக்கிறது நாடகம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். கிடைத்தது முட்டை. கைடுல இப்படி இல்லையேம்மா என்றாராம் டீச்சர். அந்தக் கைடு எங்கள் அச்சகத்துக் கைடு. ஒன்பது பதிப்புக்குப் புரூஃப் பார்த்தவன் நான், ஒரு கால்புள்ளி தப்பாது, நாடகத்தில் மட்டும் ஒரு வரி படித்ததில்லை. நீங்க திருத்தின புத்தகம்தானேப்பா என்னைத் தப்புன்னு சொல்லுது என்று கேட்டுவிட்டு அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்று நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நாடகத்தைப் படித்தேன். ராஜா நாட்டைத் தோற்றதற்குக் கைடு சொல்லும் காரணம் விதி. ராணி அடித்ததற்கு மனக்கவலை. பணிப்பெண்ணுக்கு மட்டும் பேராசை. அவள் யாரிடமும் எதையும் வாங்கியதாக நாடகத்தில் எங்குமே இல்லை. வெறுங்கை வருகிற இடங்களையெல்லாம் வருணனை நயம் என்று ஓரங்கட்டிவிட்டார்கள். உன் அம்மா ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கதையைச் சொன்னேன். அடிச்சவ அன்னிக்கே மறந்திருப்பா, வாங்கினவ எப்படி மறப்பா என்றாள். கைடு நாலு பக்கத்தில் சொல்லாததை ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

பத்தாம் பதிப்பின் கடைசிப் புரூஃபில் பேராசையை அடித்துவிட்டு உன் தங்கையின் பதிலைச் சுருக்கி எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. அச்சாகிக் கடைக்குப் போன பிறகுதான் முதலாளிக்குத் தெரிந்தது. பிழை திருத்தத்தான்யா உனக்குச் சம்பளம், நாடகத்தைத் திருத்தவா என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். பிழையைத்தான் திருத்தினேன் என்றேன். பைண்டிங் பக்கம் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள், அதில்தான் காரியம் கெட்டது. கவனக்குறைவால் நேர்ந்தது என்று மன்னிப்புக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து நீட்டினார், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

ஒரு கையெழுத்துதானேப்பா, போட்டுட்டுப் போங்க என்றாய். அடுப்பு எப்படி எரியும் என்று நீ கேட்டதும் நியாயம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் நான் முழுக் கவனத்தோடு செய்த வேலை அது ஒன்றுதான். பணிப்பெண்ணுக்குப் பேராசை என்று எழுதியவர்களே எனக்குக் கவனக்குறைவு என்று எழுதுகிறார்கள், நமக்கான காரணத்தைக்கூட அவர்களே வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நேற்றோடு போயிற்று. நான் போடவில்லை. வேறு இரண்டு அச்சகத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, வெந்நீர் குடி. கோபம் தணிந்ததும் தங்கையிடம் பேசு, எல்லாம் தன்னால்தான் என்று குமைந்துகொண்டிருக்கிறாள், இல்லை என்று நீ சொன்னால்தான் நம்புவாள். அங்கே போடாத கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

அப்பா