நேரில் பார்வையிட்டேன்

ஜூன் 4

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் நலம். உன் நலத்தையும் கப்பலில் இருக்கும் நம் ஆளின் நலத்தையும் எழுது. அவன் எனக்கு நாலு வரி எழுதி ஒரு மாதமாகிறது. கேட்டால் நடுக்கடலில் தபால் பெட்டி இல்லை என்பான். பெண்டாட்டிக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேருகிறதோ!

நீ வாங்கிக் கொடுத்த செல்போன் அலமாரியில் நிம்மதியாகத் தூங்குகிறது. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் காது திரும்பவில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். போனுக்கு உதடு ஏது? குறுஞ்செய்தி பார்க்கலாம் என்றால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. உனக்கு என் கிறுக்கல்தான் வாய்த்தது. இரண்டு நாளில் வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன?

தெருவில் இப்போது வீட்டுக்கு மூன்று குப்பைத் தொட்டி. பக்கத்து வீட்டுத் தையல்காரியின் காகிதத் தொட்டியில் முட்டை ஓடு கிடந்தது என்று மேற்பார்வையாளர் அபராதச் சீட்டு எழுதிவிட்டார். "ஏங்க, முட்டை ஓட்டுக்கெல்லாமா சட்டம்?" என்று அவள் மல்லுக்கு நின்றாள். "எனக்கென்னம்மா தெரியும், மேலிடத்து உத்தரவு" என்று அவர் நழுவிவிட்டார். அந்த மேலிடத்தில் என் மருமகள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் தெருவே என் வாசலில் நின்றிருக்கும்.

இன்னொரு விஷயம். பெருமழைக்குப் பிறகு பத்து நாளாகக் குளியலறையில் அழுகின முட்டை நாற்றம். காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது. தையல்காரி வீட்டிலும் அப்படித்தானாம். குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டுச் சாக்கடையில் அடைப்பில்லை என்கிறார். வீட்டுக்குப் பின்னால் மண் போட்டு மூடிய குப்பை மேட்டில், நம் சுவரை ஒட்டி, புல் ஓரிடத்தில் மட்டும் வட்டமாகக் கருகியிருக்கிறது. குப்பை உன் இலாகாதானே, கொஞ்சம் விசாரித்துச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அத்தை


ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. நாலு முறை படித்தேன். அவர் நன்றாக இருக்கிறார். அடுத்த துறைமுகத்திலிருந்து உங்களுக்கு எழுதுவதாகச் சொல்லச் சொன்னார்.

நான் கேட்பதற்கெல்லாம் உடனே பதில் எழுதுங்கள். கதவை மூடி வைத்திருந்து திறக்கும்போது நாற்றம் அதிகமா? தரையில் தண்ணீர் போகும் ஓட்டையருகே குனிந்தால் இன்னும் அதிகமா? கருகின புல் நம் சுவரிலிருந்து எத்தனை அடி? மேட்டின் மேல் இரும்புக் குழாய்கள் செங்குத்தாக நிற்கின்றனவா? எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

குளியலறை ஜன்னலை மூடவே வேண்டாம். உள்ளே விளக்கோ அடுப்போ பற்றவைக்காதீர்கள். தீக்குச்சி கிழிக்கவே கூடாது. இது உங்களுக்கு மட்டும், அத்தை. தையல்காரியிடம் ஜன்னலைத் திறந்து வைத்தால் நல்லது என்று சொல்லுங்கள், போதும். தீக்குச்சி என்று வாயெடுத்தால் தெருவில் பதினெட்டு வீடும் அலறும். வீண் பீதி வேண்டாம். நான் சொன்னதாகவும் சொல்ல வேண்டாம்.

பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இங்கே வந்துவிடுங்கள். முன் அறையைக் காலி செய்து உங்களுக்குக் கட்டில் போட்டுவிட்டேன். மழைக்காலம் முடியும்வரை என்னோடு இருங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 13

அன்பு மருமகளுக்கு,

பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வரி. கட்டில் போட்டுவிட்டேன் என்று அடுத்த வரி. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

கேட்டதற்குப் பதில். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைகிறது. குனிந்தால் குமட்டுகிறது. கருகின புல் ஏழடி. என் கைத்தடியால் அளந்தேன். குழாய் நாலுதான் கண்ணில் படுகிறது. அதில் ஒன்று சாய்ந்திருக்கிறது.

நேற்று முன்தினம் நாலைந்து பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மேட்டை மூடிய ஒப்பந்தக்காரரின் ஆட்களாம். எங்கெங்கோ குத்திப் பார்த்து, மண்ணுக்கடியில் புதைந்திருந்த ஒரு குழாயைக் கண்டுபிடித்து வாயைத் திறந்தார்கள். திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். நான் சுவரோரம் போய் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைம்மா, சும்மா பராமரிப்பு. மேடத்துக்கிட்ட சொல்லிட்டோம்" என்றான் மேஸ்திரி. "எந்த மேடம்?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பினால் எனக்கு உதடு தெரியாது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அம்மாடி, அந்த மேடம் யார்?

பதினெட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மனு எழுதுவதாக இருக்கிறோம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். யார் பெயருக்கு எழுத வேண்டும், சொல்.

நான் வரவில்லை. தையல்காரியும் அவள் ரெண்டு வயது மகளும் இந்த நாற்றத்தில் கிடக்க, நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கிளம்புவது? "எங்கேக்கா கிளம்பிட்டீங்க?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்? தீக்குச்சி விஷயத்தை நீ சொன்னபடி நான் வெளியே விடவில்லை. ஜன்னலை மட்டும் திறக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

உன் அத்தை


ஜூன் 17

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். குப்பையை மூடினாலும் உள்ளே அது பல வருஷம் மக்கிக்கொண்டே இருக்கும். வாயு உண்டாகும். அது மேலே வெளியேறத்தான் குழாய்கள். விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் வாயு பக்கவாட்டில் வழி தேடும். ஒப்பந்தக்காரரிடம் கண்டிப்பாகப் பேசியிருக்கிறேன். எல்லாவற்றையும் தோண்டித் திறந்துவிட்டால் பத்து நாளில் சரியாகிவிடும்.

மனு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் பொறுங்கள் என்கிறேன். மனு வந்தால் பழைய கோப்புகளையெல்லாம் எடுப்பார்கள், விளக்கம் கேட்பார்கள், காகிதம் மேஜை மேஜையாக ஊரும். வேலைதான் தாமதமாகும்.

இதை எழுதும்போது எனக்கே என் எழுத்து அலுவலகக் கடிதம் மாதிரி தெரிகிறது. மன்னியுங்கள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நீங்கள் மட்டுமாவது வந்துவிட்டால் நான் கொஞ்சம் மூச்சுவிடுவேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன் அத்தை, வாருங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 22

மருமகளுக்கு,

நேற்றுக் காலை ஆறு மணிக்குத் தையல்காரி மகளைக் குளிப்பாட்ட வெந்நீர் போடப் போயிருக்கிறாள். முந்தின நாள் சாரல் அடித்ததால் குளியலறை ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாளாம். அங்கேயே இருக்கும் அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தாள். தரை ஓட்டையிலிருந்து நீலமாகத் தீ எழுந்து அறை முழுக்க வீசியிருக்கிறது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. என் கட்டில் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கைகளையும் தனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு. புருவம் இல்லை. முழங்கை வரை வெந்துவிட்டது. குழந்தை கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்ததால் தப்பியது. குழந்தை என் மடியில்தான் இருக்கிறது. ஒரு கையால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மேட்டின் காகிதங்களைக் காட்டுங்கள் என்றேன். குமாஸ்தா நல்ல மனுஷர். மேட்டை முறையாக மூடியாயிற்று என்ற சான்றிதழின் நகலையே கையில் கொடுத்துவிட்டார். "பதினொரு வாயுக் குழாய்களையும் இன்று நேரில் பார்வையிட்டேன். அனைத்தும் செயல்படுகின்றன." கீழே கையெழுத்து. மாதாமாதம் எனக்கு வரும் கடிதங்களின் அடியில் நான் பார்க்கிற அதே கையெழுத்து.

அது கூடப் பெரிதில்லை, அப்போது நீ இந்த ஊரில் இருந்தாய், உன் வேலை அது. தேதியைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன், செப்டம்பர் 19. அன்றைக்குத்தான் எனக்குக் காது ஆபரேஷன். காலை ஏழு மணிக்கு நீதான் என்னை ஆட்டோவில் கூட்டிப்போனாய். இரவு மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று நர்ஸ் எழுதிக் காட்டினாள்.

அப்போது மேட்டுக்குப் போனது யார்?

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடுவேன் என்று நினைக்காதே. ஏற்கெனவே ஒன்றைச் சொல்லாமல் இருந்ததன் பலனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அத்தை


ஜூன் 25

அத்தைக்கு,

யாரும் போகவில்லை.

இன்று காலை துறை இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "ஏம்மா, மூணு வருஷம் கழிச்சு நீயா வந்து மாட்டிக்கிறியே, பைப்பை சரிபண்ணா முடிஞ்சுதே" என்றார். "ஒரு பொம்பளையோட ரெண்டு கையும் வெந்துபோச்சு சார்" என்றேன். அவர் உடனே போனை எடுத்தார். மதியமே பதினெட்டு வீடுகளையும் காலி செய்ய உத்தரவு போனது. இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றியிருப்பார்கள். அளவுக்கருவியோடு ஆட்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள், அவர்கள் என் ஆட்கள் இல்லை.

உங்கள் ஆபரேஷனை நான் காரணமாக எழுதவில்லை. அது காரணமும் இல்லை. மறுநாள் போயிருக்கலாம். அடுத்த வாரம் போயிருக்கலாம். முந்தின நாளே ஒப்பந்தக்காரர் குழாய்களின் பதினொரு புகைப்படத்தை என் அலுவலக மேஜையில் பரப்பியிருந்தார். ஆபரேஷன் அன்றோடு காலக்கெடு முடிகிறது என்பதால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த கோப்பில் உங்கள் கட்டிலோரமே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். அப்புறம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் இடமாற்றம் வந்தது. அப்புறம் மறந்தேன். நாற்றத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்று ஞாபகம் வந்தது.

அன்றைக்கே நான் கிளம்பி வந்திருக்க வேண்டும். ஆறு மணி நேரப் பயணம்தானே. கட்டில் போட்டேன், ஒப்பந்தக்காரருக்கு போன் பண்ணினேன். உங்களைக் காப்பாற்ற நினைத்தேன், என் கையெழுத்தையும் காப்பாற்ற நினைத்தேன். தையல்காரியை நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

என்னைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு உங்களையும் கூப்பிடக்கூடும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கும் எழுதிவிட்டேன். உங்களை வந்து அழைத்துக்கொள்ள அனுமதிப்பீர்களா? முடியாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள் என்று இன்னும் எழுதலாமா, தெரியவில்லை.


ஜூலை 8

மருமகளுக்கு,

என்ன எழுதலாம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதே. என் பிள்ளையைக் கட்டிக்கொண்டவள் எனக்கு மருமகள்தான். கோபம் வேறு, உறவு வேறு. கோபம் எனக்கு நிறையவே இருக்கிறது.

மண்டபத்தில்தான் இருக்கிறோம். பதினெட்டுக் குடும்பம், ரெண்டு குளியலறை. காலையில் வரிசையில் நிற்கும்போது நடக்கும் சண்டையைப் பார்த்தால் காது கேட்காதது வரம் என்று தோன்றும். என் வீட்டுக் குளியலறையில் கருவியை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்ததாம். வைத்த பையன் அப்படியே பின்வாங்கி வந்துவிட்டான். மேட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டுகிறார்கள். வீடு திரும்ப ஆறு மாதமாகலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள்.

நேற்று விசாரணை. அதிகாரி ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதி நீட்டினார். "செப்டம்பர் 19 அன்று உங்கள் மருமகள் எங்கே இருந்தார்?" என்று எழுதியிருந்தது. "காலை ஏழு மணியிலிருந்து இரவு வரை என் பக்கத்தில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு அது உனக்கு எதிரான சாட்சி. எனக்கு அந்த வரியை எழுதி முடிக்கும்போது கண் மறைத்துவிட்டது. பெற்ற பிள்ளை கூட அன்று பக்கத்தில் இல்லை. வெளியே வந்து வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

தையல்காரி போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். இரண்டு கையிலும் கட்டு. அவளிடம் நான் எல்லாம் சொன்னேன். கையெழுத்து உன்னுடையது என்பதையும், தீக்குச்சி விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பதையும். உன் தப்பு அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. என் தப்பு யாருக்கும் தெரியாது. சொல்லாமல் எப்படி அவள் குழந்தைக்குச் சோறூட்டுவது? "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் தலையை வாரிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். கையால் வாரிக்கொள்ள முடியாது, அதனால் வந்தாள்.

அவள் தைக்க வாங்கி வைத்த துணிகள் முப்பத்துநாலு உருப்படி பாதியில் நிற்கின்றன. மண்டபத்து மூலையில் மெஷினைப் போட்டு, அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நாங்கள் மூன்று பேர் தைக்கிறோம். என் தையல் நேராகப் போகவில்லை. ரெண்டு முறை பிரிக்க வைத்துவிட்டாள்.

உன் வீட்டுக்கு நான் இப்போது வரமாட்டேன். நீ இங்கே வா. வந்தால் தெருக்காரர்கள் என்ன பேசுவார்களோ, எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்ப்பது உனக்கு லேசாக இருக்காது. அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன், உன்னை யாரும் வெளியே அனுப்பவும் விடமாட்டேன்.

இன்னும் பதினாறு சட்டைக்குப் பொத்தான் வைக்க வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்பு.

உன் அத்தை