எட்டு ஜோடிச் செருப்பு

மே 11, ஞாயிறு

வெயில். காலை ஒன்பது மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகம் காயப் போட்டாயிற்று.

நாளை மலைப் பிள்ளைகளுக்கான விடுதிச் சேர்க்கை. போன வருடம் வரை காகிதப் படிவம், இந்த வருடம்தான் இணையத்தில். வெள்ளி மாலை ஐந்து வரை. சைட் என் பொறுப்பு.

செய்ய:
– சர்வரில் வொர்க்கர் எண்ணிக்கை பார்க்க (ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கும் என்பது; இப்போது 4)
– பேக்கப்
– கேஸ் புக் பண்ண
– சாந்தியிடம் பேச

சாந்தி வெள்ளிமலையில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். மலையிலிருந்து வரும் படிவத்தில் பாதி அவள் கையால்தான் ஏறும். பேக்கப் முடிந்தது, கேஸ் முடிந்தது. சாந்தியிடம் பேசவில்லை. எப்போதும் கடைசியில் எழுதுவதுதான் விட்டுப் போகிறது.

மே 12, திங்கள்

பத்து மணிக்குத் திறந்தோம். பத்தேகாலுக்கெல்லாம் பக்கம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. விடுதி நிர்வாகி போன்.

"மேடம், எல்லாரும் சுத்துது சுத்துதுன்றாங்க. நாலு பத்தலன்னா ஜாஸ்தி பண்ணி வுடுங்களேன்."

பதற்றம். வொர்க்கரை 24 ஆக்கினேன். பத்து நிமிடம் பறந்தது. பிறகு மொத்தமாகப் படுத்தது. வாடகைக்கு எடுத்திருக்கும் மெஷின் சின்னது. 24 பேரும் மெமரியை ஆளுக்குக் கொஞ்சம் தின்று, டேட்டாபேஸுக்கே இடமில்லாமல் செய்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நிர்வாகிக்குச் சொன்ன விளக்கம்: "சமையக்கட்டுல நாலு பேரு நின்னா சமைக்கலாம் சார். இருபத்தி நாலு பேரு நின்னா அடுப்பே பத்த வைக்க முடியாது."

"அப்ப எவ்ளோதான் வைக்கலாம்?"

"ஆறு. மத்தவங்க வரிசையில நிக்கட்டும்."

மதியம் மூன்றுக்கு ஆறு வைத்தேன். அரை நிமிடத்துக்கு மேல் ஒரே வேலையில் மாட்டிக்கொண்டால் அந்த வொர்க்கரை அனுப்பிவிட்டு வேறொன்று. சைட் விழாமல் நிற்கிறது. சாப்பாடு நாலரைக்கு, ஆறிய ரசம்.

மே 13, செவ்வாய்

புழுக்கம். சைட் மெதுவாக ஓடுகிறது, ஆனால் விழவில்லை.

காலையிலிருந்து நானும் சாந்தியும் வேலை பார்த்த பிரவுசிங் சென்டர் ஞாபகமாகவே இருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பின்னால், மாடியில். எனக்கு 19, சாந்திக்கு 20. எட்டு சிஸ்டம். தூசி வரும் என்று செருப்பை வாசலில் விட வேண்டும். மவுஸுக்குள் இருக்கும் உருண்டையை எடுத்து நகத்தால் அழுக்குச் சுரண்டுவது என் காலை வேலை.

பிளஸ் டூ ரிசல்ட் நாளில் படிக்கட்டு முழுக்கத் தலைகள். சாந்தி யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், செருப்பை மட்டும் எண்ணுவாள். "எட்டு ஜோடி கெடக்குது. ஒரு ஜோடி கெளம்பட்டும், அப்பறம் நீங்க." பையனுக்கு ரிசல்ட் பார்க்க யூனிஃபாரத்தோடு வந்த போலீஸ்காரரையும் விடவில்லை. "ஷூவும் ஒரு ஜோடிதான் சார்." அவர் சிரித்துவிட்டு வரிசையில் நின்றார்.

உள்ளே நான். என் வித்தை: ஒரே பக்கத்தை நாலு ஜன்னலில் திறந்துவிட்டுக் காத்திருப்பது. எது முதலில் வருகிறதோ அது நமக்கு. 'மாலா கை வச்சா ரிசல்ட் வந்துடும்' என்று ஊரில் பேர். அந்தப் பெருமையில் இரண்டு வருடம் ஓடியது. அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எங்கும் வேலை பார்க்கவில்லை.

இதை எழுதும்போதே சாந்தியின் வாய்ஸ் மெசேஜ்: "மாலா, சின்னப்பொண்ணுன்னு ஒரு அக்கா. பொண்ணு தெய்வானைய எட்டாவது சேக்கணும்னு ரெண்டு மணி நேரம் நடந்து வந்துச்சு. நேத்து உன் சைட்டு படுத்துக்கிச்சா, திரும்பிப் போயிடுச்சு. நாளைக்கு வரேன்னுச்சு. எடம் கெடைக்கலன்னா புள்ளைய மொளகு பறிக்க கேரளாவுக்கு இட்டுக்கினு போயிடுவாங்கடி. பாத்துக்க."

கட்டை விரல் பொம்மை அனுப்பினேன். போன் போட்டிருக்கலாம்.

மே 14, புதன்

காலை மறுபடி சுற்றல். யார் எப்போது வந்தார்கள் என்று பதிவாகும் லாகைப் பார்த்தேன். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் முப்பது இணைப்பு. ஆறு வொர்க்கரையும் அதுவே பிடித்து வைத்திருக்கிறது, மற்றவர்கள் வெளியே. எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று தோன்றியது. பதினொன்றரைக்கு அந்த முகவரியைத் தடை செய்தேன். சைட் வெண்ணெய் மாதிரி ஓடியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கமில்லாமல் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் காய் வாங்கப் போனவள் பழைய மாடிக்கும் ஏறினேன். இப்போது செல்போன் கவர் கடை. சுவரில் நாங்கள் ஒயர் இழுக்கப் போட்ட ஓட்டை அப்படியே.

"இன்னாக்கா வேணும்?"

"சும்மா பாக்கறேன்."

"பாத்துக்கினே இருந்தா எப்டிக்கா?"

என் போனுக்குப் பொருந்தாத கவர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பச்சை.

மே 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு சாந்தி போன். "ஏன்டி, நேத்து பதினோரு மணி வாக்குலருந்து எனக்கு மட்டும் உன் சைட்டு தொறக்கவே மாட்டேன்னுது. பக்கத்து ஊருலலாம் தொறக்குதாம்."

நேற்றைய லாகைத் திறந்துகொண்டே கேட்டேன், "உன்கிட்ட எத்தன சிஸ்டம்?"

"மூணு."

"ஒவ்வொண்ணுலயும் எத்தன ஜன்னல் தொறக்கற?"

"பத்து. நாலு தொறந்து பாத்தேன், பத்தல. நீ கத்துக் குடுத்ததுதானடி? எது மொதல்ல வருதோ அது நமக்கு."

மூன்று பத்து முப்பது. நான் தடுத்தது சாந்தியை. நாலு பத்தவில்லை என்று நான் இருபத்து நாலு போட்டேன், அவள் பத்து போட்டாள். எட்டு ஜோடிக்கு மேல் உள்ளே விடாதவள் அவள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

"சாந்தி, நான்தான்டி உன்ன பிளாக் பண்ணேன். யாரோன்னு நெனச்சிட்டேன்."

"சின்னப்பொண்ணு அக்கா நேத்தும் வந்துச்சுடி. பொழுது சாயற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்துட்டுப் போச்சு. ரெண்டு நாள் கூலி போச்சேன்னு பொலம்புச்சு. இனிமே வராது."

"போன்ல சொல்லேன்."

"அந்தப் பக்கம் டவர் ஏது?"

தடையை உடனே நீக்கினேன். ஒரு முகவரிக்கு ஒரு நேரத்தில் இரண்டு இணைப்புதான் என்று வரம்பும் வைத்தேன். அதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பலாப்பழம் ஏற்றப் போகும் ஜீப்பில் சாந்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். நாளை ஐந்து மணிக்குள் வந்தால் உண்டு. அந்தப் பிள்ளை முகம்கூட எனக்குத் தெரியாது. சாப்பாடு இறங்கவில்லை.

மே 16, வெள்ளி

மலைப் பக்கம் கருமேகம். இங்கே சொட்டு இல்லை.

10.00 – சைட் நன்றாக ஓடுகிறது.
12.30 – சாந்தி: "இன்னும் காணோம்."
2.00 – நிர்வாகியிடம் ஒரு நாள் நீட்டிக்கக் கேட்டேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். "மேல கேக்கணும் மேடம்." மேலே கேட்டாரா தெரியாது.
3.15 – மலையில் மழையாம். ஜீப் திரும்பிவிட்டது, அதில் அவர்கள் இல்லை.
4.20 – சாந்தி போனை வைக்கவே இல்லை, நானும். இரண்டு பேரும் பேசவும் இல்லை. அவள் ஃபேன் சத்தம் கேட்டது. பழைய மாடியில் மத்தியான வேளைகளில் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.
4.38 – "வந்துட்டாங்கடி! நனைஞ்சிக்கினு வராங்க."

லாகைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெள்ளிமலை முகவரி. ஒரே ஒரு இணைப்பு. பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று, போட்டோ. போட்டோ ஏற மட்டும் நாற்பது நொடி. அரை நிமிட வரம்பை நேற்றே ஒரு நிமிடமாக்கியிருந்தேன், இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கும். 4.52க்கு விண்ணப்ப எண் விழுந்தது.

சாந்தி அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. "ஒரே ஜன்னல்லதான்டி போட்டேன்."

விளையாட்டாகக் கேட்டேன், "வாசல்ல எத்தன ஜோடி கெடக்குது?"

எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணுதான். அம்மாவும் பொண்ணும் மாத்தி மாத்திப் போட்டுக்கினு வந்தாங்களாம்."

ஐந்துக்குப் படிவம் மூடியது. வொர்க்கர் 6, அப்படியே இருக்கட்டும்.

செய்ய:
– வெள்ளிமலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு
– தெய்வானை கால் அளவு, சாந்தியிடம் கேட்க. இப்போதே