பட்டதா, படலையா

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒரு லென்ஸைக் கீறிவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இத்தனை வருஷம் லென்ஸ் தீட்டுகிறேன், இப்படிக் கை தவறியதில்லை. எல்லாம் நீலச்சட்டையால் வந்த வினை.

நீலச்சட்டை என்றால் தங்கையின் கணவர். ஹாக்கியில் நீல அணி என்றால் உயிர். நானும் தங்கையும் பிறந்ததிலிருந்து சிவப்பு. நேற்று சிவப்பு இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. கூடச் சேர்ந்து குதிக்க ஆளில்லை, தனியாக சோபாவில் உட்கார்ந்து கைதட்டினேன்.

முன்பெல்லாம் பெனால்டி கார்னர் என்று கோலடிக்க வாய்ப்பு வந்தால் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "என்னாச்சுக்கா?" நான் சொன்னால்தான் அவளுக்குக் கோல். இப்போது அந்த வீட்டில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிறாள். கேட்டால், "அவருக்கு ஒரு ஆசைக்கா. போட்டா தோலா உரிஞ்சிடும்?" என்கிறாள்.

எனக்கு உரிகிறதே.

சனிக்கிழமை நீலத்துக்கு அரையிறுதி. அவர்கள் ஜெயித்தால் இறுதியில் அவள் எனக்கு எதிர்ப்பக்கம். தோற்றால் என் சோபாவுக்கு வந்துவிடுவாள். தோற்கட்டும். நன்றாகத் தோற்கட்டும்.

மார்ச் 5

நீலச்சட்டை எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறாராம். யார் கேட்டது?

மார்ச் 7, சனி

நீலம் வெளியே. முதலிலிருந்து எழுதுகிறேன்.

"அண்ணி, நீங்க இந்தப் பக்கம் வாங்க, வெயில் அடிக்காது" என்று தன் இடத்தைக் கொடுத்தார். இந்த மனிதர் நல்லவராக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். கொஞ்சம் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. தங்கை எங்கள் நடுவில்.

ஆட்டம் முடியும் நேரம். பச்சை அணி ஒரு கோல் முன்னால். நீலத்துக்குப் பெனால்டி கார்னர். நான் கையைத் தயாராக வைத்திருந்தேன் — வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வைத்திருந்தேன். அவள் கை அவர் பக்கம் போனது. திரும்பிப் பார்த்தால் அவரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். எங்கள் இருவருக்கு மட்டுமே இருந்த பைத்தியக்காரத்தனம், அதையும் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

பந்து தாழ்வாகத்தான் வந்தது. பச்சைக்காரன் ஒருவனுடைய மட்டையில் உரசி, எழும்பி, வலைக்குள் விழுந்தது. பெனால்டி கார்னரில் முதல் அடி, கோலுக்குள் கீழே இருக்கும் பலகையின் உயரத்தைத் தாண்டினால் கோல் இல்லை. தடுப்பவன் மட்டையில் பட்டு எழும்பினால் கோல்தான். நடுவர் உரசியதைக் கவனிக்கவில்லை. கோல் இல்லை என்று கையை ஆட்டிவிட்டார். வீடியோவில் பார்க்கச் சொல்லும் வாய்ப்பையும் நீலம் முன்பே வீணடித்திருந்தது. மைதானமே நடுவரின் பரம்பரையை இழுத்தது.

இருவரும் கண்ணைத் திறந்தார்கள். "அக்கா, என்னாச்சு? மட்டையில பட்டுச்சா?"

"படலை" என்றேன்.

மார்ச் 8

சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கிறேன். டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், நடுவரின் முதுகு மறைக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

நான் என்ன நடுவரா? நான் பட்டது என்று சொன்னால் மட்டும் கோல் கொடுத்துவிடுவார்களா?

மார்ச் 10, செவ்வாய்

தங்கை போன் செய்தாள். அவர் ஆபீஸில் நீலக் கூட்டம் மொத்தமும் நடுவர்மேல் புகார் அனுப்புகிறதாம். இவர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாராம். "எங்க அண்ணி நேர்ல பாத்தாங்க. படலைன்னா படலைதான்." அதிலிருந்து யாரும் அவரோடு சாப்பிட உட்காருவதில்லை. அவரைப் பெற்ற அம்மாவே "எட்டப்பன்" என்று கூப்பிடுகிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். "உன் பேச்சு அவருக்கு வேதவாக்குக்கா."

அவள் என்னை நம்புவது பழகிய விஷயம். இவர் எதற்கு நம்பினார்? சொந்த அணியை விட்டுக்கொடுத்து, சோற்றுக் கூட்டாளிகளை விட்டுக்கொடுத்து? அவர் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருப்பேனா? மாட்டேன். இதிலும் என்னைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டுமா இந்த ஆள்?

வயிறு எரிகிறது.

மார்ச் 11

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ எடுத்த வீடியோ வந்துவிட்டது. மட்டையில் உரசுவது பளிச்சென்று தெரிகிறது. கடை முதலாளிகூடப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சாயங்காலம் நீலச்சட்டையே கூப்பிட்டார். "அண்ணி, நாம இருந்த இடத்துலேருந்து தெரிஞ்சிருக்காது. மனசுல வெச்சுக்காதீங்க."

தெரிந்தது தம்பி, நன்றாகத் தெரிந்தது — சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி தம்பி" என்றுதான் வந்தது. அவளிடம் கொடுங்கள் என்றேன். கொஞ்சம் வேலையாக இருக்கிறாளாம்.

லென்ஸில் மயிரிழைக் கீறலையும் கண்டுபிடிக்கிற கண் இது. அவருக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். கோப்பை சிவப்புக்கு.

இருவரும் வந்திருந்தார்கள். அவள் பழைய சிவப்புச் சட்டையில், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. அவர் வெள்ளைச் சட்டையில். அவள் சோபாவில் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள், என் இடப்பக்கம். நான் வேண்டிக்கொண்டபடியே எல்லாம். தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள்.

கடைசியில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி கார்னர். என் கை தானாக அவள் பக்கம் நகர்ந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தாள். கண் திறந்தே இருந்தது. பிறந்ததிலிருந்து இன்றுதான் பார்க்கிறேன், இமைக்காமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடியில் அவர்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பந்து அடிபட்ட சத்தம் கேட்டதும், "என்னாச்சு அண்ணி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். "இருங்க, நான் பாத்துச் சொல்றேன்."