தானாக ஓடிய அம்பு

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஆபீஸில் என் கம்ப்யூட்டருக்குத்தான் நேற்று பேய் பிடித்துவிட்டது.

மவுஸை எப்படி இழுத்தாலும் திரையில் அம்பு அசையவில்லை. கையை எடுத்தால் தானாக ஓடி, நான் எழுதியதையெல்லாம் மூடியது. வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். பலனில்லை. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் காலையிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே யாரும் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. புகார் மெயில்தான் அனுப்புவோம்.

சாயங்காலம் வெறுத்துப்போய் மவுஸை மேஜை முழுக்கத் தாறுமாறாகத் தேய்த்தேன். உடனே அந்தப் பக்கம் ஓர் அலறல்: "எவன்டா என் ஸ்கிரீன்ல கூத்தடிக்கிறது?"

எழுந்து எட்டிப் பார்த்தேன். காலை மீட்டிங் முடிந்து வரும்போது, ஒயர் இல்லாத மவுஸை ஆளுக்கு ஆள் மாற்றி எடுத்து வந்திருக்கிறோம். இரண்டு பேரும் இன்ஜினியர்கள்! ஒரு வருஷமாகப் பக்கத்தில் இருப்பவன் முகத்தை நேற்றுதான் சரியாகப் பார்த்தேன், அம்மா.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, சத்தம் எனக்குத் தொந்தரவு என்று வழக்கம்போல மிக்ஸியை நிறுத்தாதே. அது பாட்டுக்கு ஓடட்டும், எனக்கும் கேட்கட்டும்.

இதோ, அந்தப் பக்கத்துக்காரன் பலகையைத் தட்டுகிறான். மெயில் அனுப்பாமல் தட்டுகிறான்! என்னவென்று போய்ப் பார்க்கிறேன்.

உன் மகன்